உப்புப் போட்டவன்

கஸ்பாருக்குப் பொய் சொல்ல வராது என்று அவனுடைய மாமியாரே சான்றிதழ் கொடுத்திருந்தாள். கல்யாணத்தன்று சிலோவாக் நாட்டுக் கொஷிட்சே நகரத்து விருந்தில், பிளம் சாராயம் உள்ளே போன தைரியத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள்: "என் பொண்ணு ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கப் போறாள்னு கேட்டதும் வயித்துல புளியைக் கரைச்சுது. ஆனா இவன் தேவலாம். பொய் சொன்னா இவனுக்கு மூக்கு சிவந்துடுது, நான் சோதிச்சுப் பாத்துட்டேன்." சபை கொல்லென்று சிரித்தது. பொய் சொல்லத் தெரியாதவனுக்கும் சும்மா இருக்கத் தெரியும் என்பதை அந்த அம்மாள் யோசிக்கவில்லை. சும்மா இருப்பது சில சமயம் பொய்யைவிடப் பெரிய காரியங்களைச் செய்துவிடுகிறது.

கஸ்பாரும் அவன் மனைவி தாரினாவும் ஒரே சோதனையில் வேலை பார்த்தார்கள். ஜெனீவாவுக்கு வெளியே, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பூமிக்கடியில் ஓடுகிற சுரங்க வளையத்தில், குளிர் தொடங்கும் மாதத்தில் ஈயத்தின் அணுக்கருக்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோதவைப்பார்கள். மோதுகிற இடத்தில் புரோட்டானும் நியூட்ரானும் உருகிப்போய், உள்ளே அடைபட்டுக் கிடந்த குவார்க்குகளும் குளுவான்களும் அவிழ்ந்து ஒரு குழம்பாகிவிடும். பிரபஞ்சம் பிறந்த கையோடு, முதல் நொடியில் ஒரு துளி நேரம் எல்லாமே இந்தக் குழம்பாகத்தான் இருந்ததாம். சுரங்கத்தில் அது கண் சிமிட்டும் நேரத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஆகுமுன்பே ஆறி, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறிவிடும். சிதறியதைப் பார்த்துக் குழம்பு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். எச்சில் இலையைப் பார்த்து விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்லுகிற வேலை. அதற்கு ஆயிரம் பேர், அத்தனை பேருக்கும் டாக்டர் பட்டம்.

அவர்கள் வீட்டில் எதற்கும் சிக்மாதான் அளவு. கிடைத்தது நிஜமா, தற்செயலா என்று இந்தக் கூட்டம் நிச்சயத்தை அளக்கிற கோல் அது. ஐந்து சிக்மா என்றால் உலகத்தைக் கூப்பிட்டுச் சொல்லலாம். மூன்று என்றால் நண்பர்களிடம் சொல்லலாம். இரண்டு என்றால் வெறும் இரைச்சல், அதற்காக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம்.

"ஃப்ரிட்ஜுல பால் இருக்கா?"

"மூணு சிக்மா."

"காரைப் பூட்டினியா?"

"ரெண்டு."

"அப்ப நீயே போய்ப் பாரு, நான் எழுந்திருக்க மாட்டேன்."

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான்.

இனி உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன், வரைபடத்தில் முளைத்த ஒரு சின்ன மேட்டைப் பார்த்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்று இந்தச் சோதனைக்காரர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கொண்டாடினார்கள். அடுத்த வருஷத் தரவு வந்ததும் மேடு கரைந்து தரைமட்டமானது. பத்திரிகைகள் சிரித்தன. மற்ற சோதனைக்காரர்கள் கான்டீனில் எதிரே வந்தால் துக்கம் விசாரித்தார்கள். அப்போது சபையில் எழுந்து வழி சொன்னவள் தாரினா.

"ஆசைப்பட்டதைத்தான் கண்ணு பாக்குது. அதனால நம்ம கண்ணை நாமளே சந்தேகப்படணும். வருஷா வருஷம் காசைச் சுண்டி, தலை விழுந்தா டேட்டாவுல யாராவது ஒருத்தர் பொய்யா ஒரு அடையாளத்தைக் கலந்து வைக்கட்டும். கலந்தாங்களா இல்லையான்னு மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது. கணக்கெல்லாம் முடிச்சு, இனிமே ஒரு புள்ளியைக்கூட மாத்த மாட்டோம்னு கையெழுத்துப் போட்டப்புறம்தான் சொல்லணும். அதுவரைக்கும் எல்லாரும் பயந்துகிட்டே வேலை பாப்போம். பயம் இருந்தா ஒழுங்கு இருக்கும்."

"கலந்தவரு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாருன்னா?" என்று பின்வரிசையிலிருந்து நூனோ கேட்டான். லிஸ்பன்காரன், வாய் மட்டும் ஒரு முழம் நீளம்.

"கட்டில்லகூடச் சொல்லக் கூடாது," என்றாள் தாரினா.

அந்த மண்டபத்தில் பாதிப் பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டவர்கள். கூரை அதிரச் சிரித்தார்கள். 'கட்டிலிலும் கூடாது' என்ற வார்த்தை அப்படியே விதியில் ஏறியது. இன்னொன்றையும் அவளே சேர்த்தாள்: எல்லாம் முடிந்தபின் கலந்தவர் சபையில் எழுந்து நிற்க வேண்டும், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும், அன்றைக்கு உடைக்கிற ஷாம்பெயினில் முதல் கோப்பை அவருக்கு. இந்தக் கலப்படத்துக்கு உப்பு என்று பெயர் வைத்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பக்கத்துச் சொல். இந்தக் கூட்டத்தில் உப்பிட்டவன் யார் என்றே கடைசிவரை தெரியக் கூடாது.

அந்த வருஷம் உப்புப் பொறுப்பு கஸ்பாருக்கு வந்தது. கோப்புகளைக் கட்டி மேய்க்கிறவன் அவன்தான், கலப்பது அவனுக்குச் சுலபம். சோதனையின் தலைவி ஒத்தாவியா, திரியெஸ்த் ஊர்க்காரி, தன் அறைக்கதவைச் சாத்திவிட்டு ஐந்து பிராங்க் காசு ஒன்றைச் சுண்டினாள். காசில் பொறித்திருக்கிற ஆட்டிடையன் தலை விழுந்தால் உப்பு, மறுபக்கம் விழுந்தால் இல்லை. தலை விழுந்தது.

எந்தப் பொய்யைக் கலப்பது என்பதை அவனிடமே விட்டாள். அவன் அதிகம் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூரா மலையேறும்போது தாரினா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். குழம்புக்குள் இடக்கை வலக்கைப் பேதம் ஒன்று இருக்க வேண்டும், அப்படி இருந்தால் நேர்மின் துகள்கள் ஒரு பக்கமும் எதிர்மின் துகள்கள் மறுபக்கமும் கொஞ்சமே கொஞ்சம் ஒதுங்கும், அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதினால் குறைவாகவும் ஓரம் உரசிப் போனால் அதிகமாகவும் ஒதுங்கும், இந்த உலகத்தில் பொருள் என்று ஒன்று மிச்சம் இருப்பதற்கே அதில் ஒரு துப்புக் கிடைக்கும் என்பாள். மூச்சு வாங்க, கன்னம் சிவக்கச் சொல்லுவாள். கஸ்பாருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். அதையே அச்சுப் பிசகாமல் செய்து தரவில் தூவிவிட்டான். அப்போது தாரினா வேறு குழுவில், வேறு கணக்கில் இருந்தாள். இதில் அவளுக்கு என்ன வரப்போகிறது என்றுதான் நினைத்தான்.

குளிர்காலத்தின் நடுவில், அந்த ஒதுக்கத்தைத் தேடுகிற கணக்கைச் செய்துகொண்டிருந்தவன் சூரிக்கில் ஒரு வங்கிக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தத் தொழிலில் பாதிப் பேர் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுதான். அவன் விட்ட வேலையை ஆசையோடு ஓடிப்போய் எடுத்துக்கொண்டவள் தாரினா.

கஸ்பார் அன்றே ஒத்தாவியாவின் அறைக்கு ஓடினான்.

"நான் விலகிக்கிறேன். வேற யாரையாவது வெச்சுக்கோங்க."

"கதவைச் சாத்து கண்ணா," என்றாள் அவள். "நீ இன்னைக்கு விலகினா நாளைக்கு உன் பொண்டாட்டிக்கு என்ன தோணும்? நேத்துவரைக்கும் நல்லா இருந்தவன் நான் வந்ததும் ஏன் விலகினான்னு தோணாதா? அவ என்ன மக்கா? ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவா. நீ விலகுறதே சொல்லுற மாதிரிதான்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"என்னத்தைச் செய்யணும்? தின்னு, தூங்கு, வாயை மூடிட்டு இரு. ஆம்பளைங்களுக்கு அதுகூடவா கஷ்டம்?"

நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். மனுஷன் மாட்டிக்கொள்வதும் அந்த நியாயத்துக்குள்தான்.

வடகிழக்கிலிருந்து வெட்டுகிற காற்று வீசி ஏரிக்கரைப் படிகளெல்லாம் பனிக்கட்டி கட்டிய நாட்களில் தாரினா வீட்டுக்கு வருவதும் போவதும் அவளுக்கே தெரியாமல் இருந்தது. ஒரு சாயங்காலம் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாலரை."

"என்ன நாலரை?"

"நாலரை சிக்மா, மண்டு! ஒதுங்குது கஸ்பார். பிளஸ் ஒரு பக்கம், மைனஸ் ஒரு பக்கம். உரசிப் போற மோதல்ல அதிகம், நேர் மோதல்ல குறைவு. மலையில சொல்லுவேனே, அதே வடிவம். கோடு போட்டு வெச்ச மாதிரி உக்காருது."

கஸ்பார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது உதவியாக இருந்தது.

"உப்பா இருந்தா?" என்றான். யாரும் கேட்கக்கூடிய கேள்விதான், குற்றமில்லை.

"அதையும் நினைச்சேன். ரெண்டு ராத்திரி அதையேதான் நினைச்சேன். உப்புப் போடறவங்க எப்படிப் போடுவாங்க? சுளுவா ஒரு மேட்டைத் தூக்கி வைப்பாங்க. இவ்வளவு நுணுக்கமா யாருப்பா செய்வா? இதைச் செய்யணும்னா என் மனசுக்குள்ள புகுந்து பாத்தவனாத்தான் இருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நறுக்கினான். அன்றிரவு அவள் ஆட்டுப்பாலாடைக்கட்டி போட்டு உருளைக்கிழங்கு உருண்டை செய்தாள், அவள் அப்பா அனுப்பிய பிளம் சாராயத்தைத் திறந்தாள். அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். அது நிஜம் என்பதால் மூக்கு சிவக்கவில்லை.

தாரினாவுக்கு நாற்பத்தொன்று. அதுவரை நிரந்தர வேலை என்று ஒன்று கிடையாது. இரண்டு வருஷ ஒப்பந்தம், அதன்மேல் ஒரு வருஷ நீட்டிப்பு, மறுபடி இரண்டு வருஷம் என்று வாடகை வீட்டில் இருப்பதைப்போல இயற்பியலில் இருந்துவந்தாள். அந்தச் செப்டம்பரோடு கடைசி ஒப்பந்தமும் முடிகிறது. ஆய்வகத்தில் நிரந்தரமாக ஒரே ஓர் இடம் ஜூனில் நிரப்பப்போகிறார்கள். அதற்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள், நூனோவும் விண்ணப்பித்திருந்தான். கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் வாய் நீளமுள்ளவனுக்கு.

மார்ச் கடைசியில் கொஷிட்சே பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. பேராசிரியர் பதவி, சொந்தக் குழு, ஓய்வு பெறும்வரை யாரும் எழுப்ப முடியாத நாற்காலி. அவள் பிறந்த தெருவிலிருந்து டிராமில் போகிற தூரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் ஜூன் வேலைக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும், இரண்டு படகில் கால் வைக்க அவர்கள் விடமாட்டார்கள்.

கஸ்பாருக்கு லியோன் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை, சோதனைக்கு அவனை அனுப்பியிருந்ததே அவர்கள்தான். அவன் கொஷிட்சேக்குப் போகப்போவதில்லை. சிலோவாக் மொழியில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்களும் மாமனாரின் இரண்டு வசவுகளும்தான். அவள் போனால், மாதம் ஒரு தடவை விமானம், மீதி நாளெல்லாம் போனில் முகம். அந்தத் தொழிலில் அப்படிப் பிரிந்து வாழ்கிற தம்பதிகள் ஏராளம். இரண்டு மூன்று வருஷத்தில் எப்படி ஆகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறை மேஜையில் தாரினா கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே கஸ்பார்.

"நீ சொல்லு, நான் போகட்டுமா?"

"நீதான் முடிவு பண்ணணும்."

"நான் பண்ணுவேன். நீ என்ன நினைக்கிறன்னு கேக்குறேன்."

போ என்று சொன்னால் போதும். ஆனால் போ என்றால் அவளுக்குத் தெரிந்துவிடும், நாலரை கையில் இருக்கும்போது போகச் சொல்லுகிறானே, இவனுக்கு ஏதோ தெரியும் என்று கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் விதி என்ன ஆவது, அவள் எழுதிய விதியாயிற்றே. இப்படியே மனசுக்குள் வழக்காடினான். எதிர்த்தரப்பில் பேச யாரும் இல்லாததால் வழக்கு அவன் பக்கம் சுலபமாகத் தீர்ந்தது.

"அங்க நீ சந்தோஷமா இருப்பியா?" என்று கேட்டான்.

தாரினா அவனைப் பார்த்தாள். அவள் முகம் இளகிவிட்டது.

"இருக்க மாட்டேன்," என்றாள். "நீ இங்க, நான் அங்க. எனக்கு என்ன சந்தோஷம்? பாரு, காசு சுண்டினா பாதிக்குப் பாதி உப்பு, அது எனக்குத் தெரியும். ஆனா இந்த வடிவம் உப்பு இல்ல. நாலு சிக்மாவுக்குச் சொல்லுவேன். ஜூன்ல இங்கயே வேலை கிடைக்கும். ரெண்டு பேரும் ஒரே வீட்ல கிழவன் கிழவி ஆவோம். சரியா?"

அவன் தலையை ஆட்டினான். அது ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அவள் நன்றி சொல்லி, வருத்தம் தெரிவித்து, நான்கு வரியில் பதில் எழுதி அனுப்பினாள். அவன் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். அவள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள். சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை: அந்த நிமிஷம் கஸ்பார் சந்தோஷமாக இருந்தான். ஒரு வாரத்தில் கொஷிட்சே வேலை பிர்னோ ஊர்க்காரன் ஒருவனுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது, இனிச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை என்று அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

மே மாதத்தில் கணக்கு முடிந்தது. கடைசி எண்ணிக்கை நான்கு புள்ளி எட்டு. நாள் குறித்தார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது, படிக்கட்டில் எல்லாம் ஆட்கள். மேஜைமேல் ஷாம்பெயின் புட்டி. அந்தப் புட்டியில் பிறகு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கட்டுப்பாட்டு அறை அலமாரியில் வைப்பார்கள். அங்கே அப்படி நாற்பது காலிப் புட்டிகள் இருக்கின்றன.

தாரினா நீலச் சட்டை போட்டிருந்தாள். ஒரு மணிநேரம் பேசினாள். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அவளிடம் இருந்தது. ஒரே ஒரு கேள்விக்கு, "அதையும் பாத்துட்டோம், நீங்க கேப்பீங்கன்னு தெரியும்," என்று நூனோவைப் பார்த்து அவள் சிரித்தபோது கஸ்பாருக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. இப்போதாவது எழுந்து ஓடிவிடலாமா என்றும் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தான்.

கடைசியில் அவள் விதிப்படி சொன்னாள்: "முடிஞ்சது. இனிமே ஒரு புள்ளியும் மாத்த மாட்டோம்."

ஒத்தாவியா எழுந்தாள். ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"உப்பு."

ஒத்தாவியா விசையைத் தட்டினாள். உப்பை எடுத்துவிட்ட தரவு திரையில் வந்தது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஒதுக்கமும் இல்லை, இடக்கை வலக்கையும் இல்லை. பூஜ்யம்.

தாரினா திரையைப் பார்த்தபடியே நின்றாள். அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. ஆமாம், கைதட்டினார்கள். உப்புப் போட்டது போட்டபடி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, இல்லாததை இருக்கிறதென்று வெளியே சொல்லாமல் தப்பித்தாயிற்று, முறை ஜெயித்துவிட்டது! ஒத்தாவியா குரலை உயர்த்தினாள்: "இதைவிடச் சுத்தமான வேலையை நான் பாத்ததில்ல. இந்த முறையை நமக்குக் குடுத்தவளும் இவதான், அதை நிரூபிச்சவளும் இவதான்." எல்லாரையும்விட முதலில் எழுந்து நின்று கைதட்டியவன் நூனோ. ஜூன் வேலை யாருக்கு என்பது அந்தக் கைதட்டலிலேயே தீர்ந்துபோனது. தாரினா சிரித்தாள், லேசாகக் குனிந்து வணங்கவும் செய்தாள். தன் பாடையைத் தானே நேர்த்தியாகக் கட்டியவளுக்கு ஊர் மெச்சினால் அவளும்தான் என்ன செய்வாள்.

"சரி," என்றாள் தாரினா. "நல்ல உப்பு. ரொம்ப நல்ல உப்பு. போட்டவங்க எழுந்து நிக்கலாமே. எனக்கு ஒண்ணு ரெண்டு கேள்வி இருக்கு."

கஸ்பார் எழுந்தான்.

தலைகளெல்லாம் அவன் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையிலிருந்து நூனோவின் குரல்: "அடப்பாவி! கட்டில்லகூடச் சொல்லலடா!"

கூரை அதிரச் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, இத்தனை வருஷத்தில் இப்படியொரு வேடிக்கை அவர்களுக்குக் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். ஒத்தாவியா முதல் கோப்பையை அவன் கையில் திணித்தாள். "குடி கண்ணா, விதி." அவன் தாரினாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த பழைய கோட்டையும் புதிய கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேள்வி கேக்குறேன்னியே?" என்றாள் ஒத்தாவியா.

"இங்க இல்ல," என்றாள் தாரினா.

புட்டியில் அவளும் கையெழுத்துப் போட்டாள். தெளிவாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

வீட்டுக்குக் காரில் வந்தார்கள். எண்ணெய்க் கடுகுச் செடிகள் பூத்து வயலெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. மலைமேல் இன்னும் வெயில் இருந்தது. சமையலறையில் அவள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான், அந்த வெள்ளிக்கிழமை உட்கார்ந்த அதே நாற்காலியில்.

"தாரினா, அது விதி. நீ எழுதின விதி. நான் விலகப் பாத்தேன், ஒத்தாவியாதான்..."

"நிறுத்து. நீ விதியை மீறியிருக்கணும்னு நான் சொல்லவே இல்லையே. உப்புன்னு நீ வாயைத் திறந்திருந்தா, நானே உன்னைக் கையைப் பிடிச்சு ஒத்தாவியாகிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன என்ன? உப்பைப் பத்தி நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். 'போ'ன்னு சொல்லியிருக்கலாமே."

அவன் மேஜை விளிம்பை விரலால் தேய்த்தான்.

"ஒரே ஒரு வார்த்தை. நிரந்தர வேலைடி, சொந்த ஊருடி, கண்டுபிடிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், போய்ச் சேருடின்னு. உலகத்துல எந்தப் புருஷனும் எந்தப் பொண்டாட்டிகிட்டயும் சொல்லலாம். என் அப்பா சொன்னாரு. போன்ல என் அம்மா சொன்னா. பக்கத்து வீட்டுக்காரிகூடச் சொன்னா. அவங்கள்லாம் என்ன, உப்பா போட்டாங்க?"

"நீ கண்டுபிடிச்சுடுவேன்னு பயந்தேன்."

"அப்படியா." அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. கருத்தரங்குகளில் யாராவது தப்பான வரைபடத்தைக் காட்டினால் இந்தக் குரலில்தான் பேசுவாள். "அப்ப சும்மாவாவது இருந்திருக்கலாம். நீ சும்மா இருக்கல. 'அங்க நீ சந்தோஷமா இருப்பியா'ன்னு கேட்ட. ஞாபகம் இருக்கா? நான் மலையில மூச்சு வாங்கச் சொன்னதை எடுத்து எனக்கே பொறி வெச்ச. சரி, அப்ப நான் அந்த வேலையில இல்ல, மன்னிச்சுடலாம். ஆனா அந்தக் கேள்வி எந்த விதியில இருக்கு?"

வெளியே பக்கத்து வீட்டுக்காரி புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினாள். தாரினா தன் கேள்விக்கு வந்தாள்.

"கணக்குல ஒரு அடையாளம் வந்தா, அது எதனால வந்ததுன்னு பிரிச்சுப் பாக்கணும். அதுதான் என் தொழில். ஒண்ணு கேக்குறேன், பிரிச்சுச் சொல்லு. விதிக்காக வாயை மூடினியா, இல்ல நான் உன்னை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு மூடினியா?"

"விதிக்காகத்தான்," என்றான் கஸ்பார்.

அவள் அவன் மூக்கைப் பார்த்தாள்.

"எத்தனை சிக்மா?"

ஐந்து என்று சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. மூன்று என்றாவது சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தான். அவள் காத்திருந்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. அவன் எப்படியாவது ஒரு நல்ல எண்ணைச் சொல்லிவிட மாட்டானா என்று எதிர்பார்ப்பதைப்போலத்தான் இருந்தது.

"ரெண்டு," என்றான்.

இரண்டுக்கெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம் என்பது அந்த வீட்டு வழக்கம். தாரினா எழுந்தாள். மாடிப்படி ஏறிப் போனாள். அலமாரியின் மேலிருந்து பயணப் பெட்டியை இறக்குகிற சத்தம் கீழே கேட்டது.